‘நிறுத்து’ என்று சொல்வது யார்? போயிங் முதல் மீரியபெத்த வரை

பெரகல சந்தியில் வீதி இரண்டாகப் பிரிகிறது. ஒன்று ஹப்புத்தளைக்கு ஏறுகிறது. மற்றது கொஸ்லந்தை ஊடாக வெல்லவாயவுக்கு இறங்குகிறது. அந்தக் கொஸ்லந்தையில்தான் 2014 ஒக்டோபர் 29 காலை மீரியபெத்த தோட்ட லயன்களை மண் மூடியது. அங்கு ஆபத்து இருப்பதாகத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை கோப்பில் இருந்தது. மக்கள் லயனிலேயே இருந்தார்கள்.

பத்தாண்டுகளுக்குள் இதையொத்த கேள்வி அமெரிக்க விமானத் தொழிற்சாலை ஒன்றைப் பற்றியும் எழுந்தது. 2024 ஜனவரி 5ஆம் திகதி போர்ட்லண்டிலிருந்து 177 பேருடன் புறப்பட்ட அலாஸ்கா எயார்லைன்ஸின் போயிங் 737 மக்ஸ் 9 விமானத்தில், பயன்படுத்தாத கதவு வழியை அடைத்திருந்த பலகம் நடுவானில் பிய்ந்து பறந்தது. அதிர்ஷ்டவசமாக எவரும் இறக்கவில்லை. அதைப் பிடித்திருக்க வேண்டிய நான்கு போல்ட்டுகள் பூட்டப்படவில்லை என விசாரணையில் தெரியவந்தது. திருத்த வேலைக்காகப் பலகத்தைக் கழற்றியவர்கள் அதைப் பதிவு செய்யவில்லை. பதிவு இல்லாததால் மீள்பரிசோதனையும் நடக்கவில்லை.

தரப் பொறியியலாளரின் வேலையே இதுதான். எந்தப் பாகம், யார் பூட்டியது, அளவு சரியா, யார் பரிசோதித்தது என்பதற்கெல்லாம் பதிவு வேண்டும். பிழை கண்டால் அந்தப் பாகத்தைத் தடுத்து வைக்க வேண்டும். உற்பத்தி தாமதமாகிறதே என்ற நெருக்கடிக்கு அவர் பணிந்தால் பரிசோதனை வெறும் கையொப்பமாகிவிடும். போயிங்கின் தரப் பொறியியலாளர் சாம் சாலேபூர், 787 விமான உடற்பகுதி இணைப்புகளில் குறைபாடு இருப்பதாகவும், அதைச் சொன்னதற்காகத் தான் பழிவாங்கப்பட்டதாகவும் 2024 ஏப்ரலில் செனட் உபகுழு முன் சாட்சியமளித்தார். விமானம் பாதுகாப்பானது என்று போயிங் மறுத்தது.

ஆனாலும் ஒரு வேறுபாடு உண்டு. பலகம் பறந்த மறுநாளே, அமெரிக்க விமானப் போக்குவரத்து அதிகாரசபை 171 விமானங்களைத் தரையில் நிறுத்தியது. மலையகத்தில் ஆய்வாளரின் பரிந்துரை பரிந்துரையாகவே நின்றுவிடுகிறது. காணி அரசினுடையது, குத்தகை கம்பனியினுடையது, லயனில் இருப்பவருக்கோ உரித்து இல்லை. ஆகவே வெளியேறச் சொன்னாலும் போக இடமில்லை. மீரியபெத்த மக்களுக்கு மாற்று வீடுகள் உயிர்கள் போன பின்னரே வந்தன.

2025 நவம்பரில் டித்வா புயல் பதுளை மாவட்டத்தை மீண்டும் சரித்தது. இனியாவது ‘ஆபத்து’ என்று ஆய்வாளர் எழுதும் ஒவ்வொரு லயனுக்கும் மாற்றுக் காணியும் காலக்கெடுவும் பொறுப்பதிகாரியின் பெயரும் சட்டப்படி குறிக்கப்பட வேண்டும். இல்லையேல் அடுத்த அறிக்கையும் கோப்புக்குள்தான் போகும்.