சுண்டிய விரல் சொல்லிக்கொடுத்தது



விடுமுறை நாளில் எங்கள் வீட்டுத் திண்ணையில் கேரம் ஆட்டம். முதன்முறையாக ஸ்ட்ரைக்கரைச் சுண்டிய சின்னவன், வலியில் விரலை உதறிக்கொண்டான். அதே நொடியில், "என் ஸ்ட்ரைக்கர் காயைத் தள்ளிடுச்சு!" என்று குதிக்கவும் செய்தான்.

தள்ளியதை அவன் எங்கே பார்த்தான்? ஸ்ட்ரைக்கர் வந்தது, காய் நகர்ந்தது. கண்ணுக்குத் தெரிந்தது அவ்வளவுதானே? டேவிட் ஹியூம் 1748-இல் பில்லியர்ட்ஸ் பந்துகளை வைத்து இதைத்தான் கேட்டார். ஓர் அசைவுக்குப் பின் இன்னோர் அசைவு வருவதைக் காண்கிறோம்; இரண்டையும் இணைக்கும் விசையைக் காண்பதில்லை என்றார் அவர்.

பெல்ஜிய உளவியலாளர் ஆல்பர்ட் மிஷோத் அதற்கு மறுமொழியாக ஒரு சோதனையை வைத்தார். சுழலும் வட்டில் கோடுகள் வரைந்து, ஒரு பிளவின் வழியே பார்க்கச் செய்தார். இரண்டு சிறு சதுரங்கள் தெரிந்தன. ஒன்று வந்து தொட்டதும் மற்றது நகர்ந்தது. பார்த்தவர்கள், "இது அதை இடித்துத் தள்ளியது" என்றார்கள். இத்தனைக்கும் அங்கே இருந்தது வெறும் வண்ணக்கோடு. இரண்டாவது சதுரம் நொடியில் ஐந்தில் ஒரு பங்கு தாமதித்தாலே அந்த உணர்வு போய்விட்டது. இது பார்வையின் இயல்பிலேயே உள்ளது, அனுபவத்தால் வருவதல்ல என்று 1946-இல் வெளிவந்த தம் நூலில் மிஷோத் வாதிட்டார்.

கார்டிஃப் பல்கலைக்கழகத்தின் பீட்டர் ஒயிட் வேறு வழியில் யோசித்தார். கதவைத் தள்ளி, குடத்தைத் தூக்கி நம் உடல் சேர்த்துவைத்த நினைவுதான் கண்ணுக்கு விசையைக் காட்டுகிறது என்கிறார் அவர். நியூட்டன் விதிப்படி, ஸ்ட்ரைக்கர் காயை இடிக்கும் அதே அளவு விசையோடு காயும் ஸ்ட்ரைக்கரை இடிக்கிறது. நமக்கோ ஸ்ட்ரைக்கர் மட்டுமே இடித்ததாகத் தெரிகிறது. தள்ளும்போதெல்லாம் நம் முயற்சியையே நாம் உணர்ந்து பழகியதால், முதலில் நகரும் பொருளுக்கு அந்த முயற்சியைக் கொடுத்துவிடுகிறோம்.

இதற்குச் சான்றுபோல ஓர் ஆய்வும் உண்டு. 2012-இல் ராகிசன், க்ராக் என்ற இரு ஆய்வாளர்கள், நான்கரை மாதக் குழந்தைகளுக்குப் பந்து ஒட்டிக்கொள்ளும் கையுறைகளை மாட்டிவிட்டார்கள். தாமாகப் பந்தை எடுத்துப் பழகிய குழந்தைகள், ஒரு பந்து இன்னொன்றை இடித்து நகர்த்துவதைக் காரண காரியமாகவே கண்டன. ஒட்டாத கையுறை அணிந்தவற்றிடம் அது தென்படவில்லை.

ஆகவே, பெற்றோரிடம் என் வேண்டுகோள் ஒன்று. கைபேசித் திரையில் மலையை நகர்த்தினாலும் மணலை நகர்த்தினாலும் விரலுக்குத் தெரிவது ஒரே கண்ணாடிதான். பிள்ளைகள் மாவு பிசையட்டும், பம்பரம் விடட்டும், தண்ணீர் வாளியைத் தூக்கித் தடுமாறட்டும். கொஞ்சம் சிந்தினால் துடைத்துக்கொள்ளலாம்.

உங்கள் கை உங்கள் கண்ணுக்குக் கற்றுக்கொடுத்தது எது? எங்களுக்கு எழுதுங்கள். சின்னவனின் விரல்வலி அன்று மாலையே போய்விட்டது. அது காட்டிய விசையை அவன் கண் இனி மறக்காது.

அன்புடன்,
ஆசிரியர்