குதிரைச் சவாரிக்கும் காப்பீடு கட்டாயமாக வேண்டும்

ஒரு மட்டக்குதிரையைக் காப்பீடு செய்ய அதன் உரிமையாளர் இன்று அதிகம் செலவிட வேண்டியதில்லை. தேசியக் கால்நடை இயக்கத்தின் கீழ் அவர் பிரீமியத்தில் 15 சதவீதம் கட்டினால் போதும். மீதியை மத்திய, மாநில அரசுகள் 60க்கு 40 என்ற கணக்கில் பகிர்ந்துகொள்ளும் என்று 2024 பிப்ரவரியில் மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது. நல்ல முடிவு. ஒற்றைக் குதிரையை நம்பிப் பிழைக்கும் குடும்பத்துக்கு அது செத்துப்போனால் வேறு போக்கிடம் இல்லை.

ஆனால் அதே குதிரையின் முதுகில் ஏறி உட்காரும் எட்டு வயதுக் குழந்தைக்கோ, கயிற்றைப் பிடித்துக்கொண்டு நாள் முழுக்கக் கூடவே நடக்கும் குதிரைக்காரருக்கோ, அது மிரண்டு பாயும்போது குறுக்கே அகப்படும் வழிப்போக்கருக்கோ காப்பீடு இருந்தே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. குதிரை செத்தால் பணம் வரும், குதிரையால் மனிதர் செத்தால் வராது. இந்த நிலை இனியும் நீடிக்கக் கூடாது. வாடகைக்கு விடப்படும் குதிரையானாலும், சொந்தமாக வைத்துச் சாலையில் ஓட்டும் குதிரையானாலும், அதன் மீது ஏறுபவரையும் அதனால் பாதிக்கப்படுபவரையும் காக்கும் பாலிசி இல்லாமல் வெளியே வர அனுமதிக்கக் கூடாது என்பதே நம் நிலைப்பாடு.

கொடைக்கானல் ஏரிச் சாலையில் சீசன் நாளொன்றின் மாலையில் நின்று பார்த்தால் ஆபத்து எங்கே இருக்கிறது என்பது விளங்கும். சேணம் பூட்டும்போது பல குதிரைகள் மூச்சை இழுத்து வயிற்றை உப்பிக்கொள்ளும். அப்போது இறுக்கிய வயிற்று வார், கொஞ்ச தூரம் நடந்ததும் தளர்ந்துவிடும். கைதேர்ந்த குதிரைக்காரர் அதை அறிவார். குதிரையைச் சற்று நடத்திவிட்டு இரண்டாம் முறை இறுக்கிய பிறகே ஆளை ஏற்றுவார். கூட்டம் நெருக்கும்போது, ஒருவரை இறக்கிய கையோடு அடுத்தவரை ஏற்றும் அவசரத்தில், அந்த இரண்டாம் இறுக்கல் விட்டுப்போகிறது. சவாரி செய்பவர் ஒரு பக்கம் சாய்ந்தால் சேணமும் சேர்ந்து சரியும். அங்கவடியோ பெரியவர்களின் கால் நீளத்துக்குத் தொங்குகிறது. குழந்தைக்குக் கால் எட்டாது. எட்டினாலும் செருப்புப் போட்ட சின்னப் பாதம் முழுதாக வளையத்துக்குள் நுழைந்துவிடும். கீழே விழும் நேரத்தில் கால் அதில் மாட்டிக்கொண்டால், ஓடுகிற குதிரை குழந்தையைத் தரையோடு இழுத்துக்கொண்டு போகும். தலைக்கவசம் கொடுப்பாரைக் காண்பது அரிது.

குதிரை மிரளுவதை அதன் குணக்கேடு என்று சொல்லவும் முடியாது. வேட்டை மிருகத்திடமிருந்து ஓடித் தப்பிய இனம் அது. ஓடுவதுதான் அதற்குத் தெரிந்த தற்காப்பு. ஏறத்தாழ சுற்றிலும் பார்க்கும் கண் அதற்கு உண்டு, ஆனால் நேர் பின்னால் வருவது தெரியாது. பின்னாலிருந்து ஒரு பைக் ஹாரன் அடித்தாலோ, காற்றில் ஒரு பிளாஸ்டிக் பை படபடத்தாலோ போதும். எவ்வளவு சாதுவான குதிரையும் ஒரு நொடியில் துள்ளிவிடும். ஆகவே யாரும் எந்தத் தவறும் செய்யாமலேயே இங்கே விபத்து நடக்க முடியும். காப்பீடு என்ற ஏற்பாடே இப்படிப்பட்ட இடத்துக்காகத்தான் இருக்கிறது.

பழகியவர்களுக்கு ஆபத்து இல்லை என்று எண்ணுவதும் பிழை. சூப்பர்மேனாக உலகமறிந்த கிறிஸ்டோபர் ரீவ் நன்றாகப் பயிற்சி பெற்ற சவாரிக்காரர். 1995 மே மாதம் வர்ஜீனியாவில் நடந்த தடை தாண்டும் போட்டியில் அவருடைய குதிரை தடையின் முன்னே சட்டென்று நின்றுவிட்டது. ஹெல்மெட் அணிந்தபடியே அவர் தலைகுப்புற விழுந்தார். கழுத்து முள்ளெலும்பு நொறுங்கியது. அதன்பின் 2004இல் இறக்கும்வரை கழுத்துக்குக் கீழே செயலிழந்து, சுவாசக் கருவியின் துணையோடு வாழ்ந்தார். ஹாலிவுட் நட்சத்திரமான அவரே மருத்துவச் செலவின் கனத்தை உணர்ந்து, காப்பீட்டு நிறுவனங்கள் வைத்திருந்த வாழ்நாள் உச்சவரம்பை உயர்த்தச் சட்டம் வேண்டும் என்று அமெரிக்காவில் போராடினார். தண்டுவடம் முறிந்தவரின் செலவு மருத்துவமனையோடு முடிவதில்லை. சக்கர நாற்காலி, எந்நேரமும் கூடவே ஒரு ஆள், நின்றுபோன வருமானம் என்று அது ஆயுள் முழுக்க நீளும்.

“எனக்குத்தான் மருத்துவக் காப்பீடு இருக்கிறதே” என்று கேட்பவர்கள் உண்டு. அந்தப் பாலிசியை எடுத்துப் படித்துப் பார்க்க வேண்டும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2019இல் மருத்துவக் காப்பீட்டின் விதிவிலக்குகளுக்கு ஒரே மாதிரியான வாசகம் வகுத்தது. சாகச விளையாட்டுகளில் தொழில்முறையாக ஈடுபட்டு அடிபட்டால் சிகிச்சைச் செலவு கிடைக்காது என்கிறது அதில் ஒன்று. அந்தப் பட்டியலில் பாராசூட் குதிப்பு, மலையேற்றம், மோட்டார் பந்தயம் ஆகியவற்றோடு குதிரைப் பந்தயமும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறது. பொழுதுபோக்குக்காகக் குதிரை ஏறி விழுந்த சுற்றுலாப் பயணியை இந்த விதி தடுக்காது. குதிரையையே பிழைப்பாகக் கொண்ட ஜாக்கிக்கு, யாருக்குக் காப்பு மிக அதிகமாகத் தேவையோ அவருக்கு, கதவை மூடுகிறது. பொழுதுபோக்குச் சவாரிக்காரருக்கும் கிடைப்பது மருத்துவமனைச் செலவு மட்டும்தான். கை கால் ஊனமானால், வேலை போனால், அந்தப் பாலிசி உதவாது. அவருடைய குதிரை வேறொருவரை மிதித்துவிட்டால் அது அந்தப் பாலிசியின் எல்லைக்கே வராது.

மூன்றாம் நபரைப் பற்றிய இந்தக் கேள்விதான் எல்லாவற்றிலும் கனமானது. இங்கிலாந்தின் டெவன் பகுதியில் 1996இல் நடந்த ஒரு விபத்து, சட்டம் படித்தவர்கள் நன்கு அறிந்தது. வேலியிட்ட வயலில் இருந்த மூன்று குதிரைகள் ஓர் இரவு எதற்கோ அஞ்சி, வேலியைத் தகர்த்துக்கொண்டு நெடுஞ்சாலைக்கு ஓடிவிட்டன. அதில் ஒன்று ஒரு காரோடு மோதியது. காரை ஓட்டி வந்தவர் படுகாயமடைந்தார். குதிரைகள் எதற்கு மிரண்டன என்பது கடைசிவரை தெரியவில்லை. வேலி சரியாகவே இருந்தது, உரிமையாளர்களிடம் கவனக்குறைவு எதுவும் இல்லை என்பதை நீதிமன்றமே ஏற்றது. என்றாலும் அவர்கள்தான் இழப்பீடு தர வேண்டும் என்று 2003இல் பிரபுக்கள் அவை தீர்ப்பளித்தது. மிரண்ட குதிரை ஆபத்தாக மாறும் என்பது குதிரை வைத்திருப்பவர் அறிந்ததே. ஆகவே அதனால் வரும் நஷ்டத்தை அவரே சுமக்க வேண்டும் என்பது 1971ஆம் ஆண்டு விலங்குகள் சட்டத்துக்கு அந்த அவை கொடுத்த விளக்கம். ஐந்து நீதிபதிகளில் இருவர் மாறுபட்டார்கள். ஆனாலும் பெரும்பான்மைத் தீர்ப்பே சட்டமானது.

இப்படிச் சட்டம் இருப்பதால்தான் அந்த நாட்டில் காப்பீடும் வளர்ந்தது. பிரிட்டிஷ் ஹார்ஸ் சொசைட்டியில் தங்க உறுப்பினராகச் சேர்ந்தால் மூன்றாம் நபர் பொறுப்புக் காப்பீடு சந்தாவோடு சேர்ந்தே வருகிறது. குதிரையை வாடகைக்கு விடும் தொழிலுக்கு உரிமம் பெறுவோர், அதில் ஏறும் வாடிக்கையாளருக்கு நேரும் காயத்துக்கும், அந்த வாடிக்கையாளரால் பிறருக்கு நேரும் காயத்துக்கும் சேர்த்துப் பாலிசி வைத்திருக்க வேண்டும் என்று இங்கிலாந்தின் 2018ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. ஏறுபவர், எதிரே வருபவர் இருவரையும் ஒரே பாலிசிக்குள் கொண்டுவந்த இந்த ஏற்பாட்டை நாம் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம்.

நம் நாட்டில் இதற்கென்று தனிச் சட்டம் கிடையாது. பாதிக்கப்பட்டவர் சிவில் நீதிமன்றத்துக்குப் போய், குதிரைக்காரரின் கவனக்குறைவை நிரூபித்து, ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வென்றாலும், ஒரு குதிரையைத் தவிர வேறு சொத்து இல்லாதவரிடம் எதை வசூலிப்பது? விலங்கைக் கவனக்குறைவாக வைத்திருந்தால் ஆறு மாதம் வரை சிறை அல்லது ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம் என்கிறது பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆவது பிரிவு. அபராதம் அரசுக்குப் போகிறது. நீதிமன்றம் தனியாக உத்தரவிட்டாலொழிய, இடுப்பொடிந்து கிடப்பவருக்கு அதிலிருந்து ஒரு காசும் வராது.

சாலையில் ஓடும் மோட்டார் வாகனத்துக்கு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம் என்று 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆவது பிரிவு விதித்திருக்கிறது. 75 சிசிக்கு மேல் 150 சிசி வரையிலான பைக்குக்கு 2022இல் நிர்ணயிக்கப்பட்ட ஆண்டுக் கட்டணம் 714 ரூபாய். மோதிவிட்டு நிற்காமல் போன வண்டியால் இறந்தவரின் குடும்பத்துக்குக்கூட இரண்டு லட்சம் ரூபாய் கிடைக்க வழி செய்யப்பட்டிருக்கிறது. இருநூறு, முந்நூறு கிலோ எடையுள்ள, தன் விருப்பப்படி திரும்பவும் ஓடவும் கூடிய குதிரை அதே சாலையில் போகிறது. அதற்கு எதுவும் இல்லை. ஊட்டியில் சாலையில் அவிழ்த்துவிடப்பட்ட குதிரைகளுக்கு இடையே வண்டியோட்டி வந்தவர்களுக்கு இதன் பொருள் தெரியும். தென் மாவட்டங்களில் கோயில் திருவிழாக்களை ஒட்டி நடக்கும் குதிரை வண்டிப் பந்தயங்களில் இரு பக்கமும் கூட்டம் நெருங்கி நிற்கிறது. அந்தியூர் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கும் குதிரைகளில் சில பிறகு நகரத்துச் சாலைகளுக்கும் வருகின்றன. லட்சம் கொடுத்து வாங்குபவருக்கு ஒரு பிரீமியம் பாரமாகாது.

ஏழைக் குதிரைக்காரருக்கு அது பாரமாகும் என்பது நியாயமான கவலை. நமக்கும் அந்தக் கவலை உண்டு. ஆனால் அவரை இதிலிருந்து விலக்கி வைப்பது அவருக்குச் செய்யும் உதவி ஆகாது. உதை வாங்குவதும், மிதிபடுவதும், மலைப்பாதையில் குதிரையோடு சேர்ந்து சரிவதும் முதலில் அவர்தான். பிரதமரின் சுரக்ஷா பீமா யோஜனாவில் 18 முதல் 70 வயது வரையிலானவருக்கு ஆண்டுக்கு 20 ரூபாயில் விபத்து மரணத்துக்கு இரண்டு லட்சம் ரூபாய் காப்பு கிடைக்கிறது. வங்கிக் கணக்கு இருந்தால் போதும். உரிமம் புதுப்பிக்கும் நாளன்று அதே மேசையில் இந்தப் படிவத்தையும் நிரப்பிக் கொடுத்தால், ஓர் ஊரில் அந்த வயது வரம்புக்குள் உள்ள குதிரைக்காரர்கள் அனைவரும் ஒரே நாளில் காப்பு பெற்றுவிடுவார்கள். இதைச் செய்ய எந்தப் புதுச் சட்டமும் வேண்டாம். சவாரி செய்பவருக்கும் மூன்றாம் நபருக்கும் உள்ளாட்சி அமைப்பே குழுக் காப்பீடு எடுத்து, அதன் செலவைச் சவாரிக் கட்டணத்தில் சிறு தொகையாகச் சேர்க்கட்டும். குதிரைக்காரரின் பையிலிருந்து எதுவும் போகாது.

இது நடைமுறைக்கு ஒவ்வாத யோசனை என்று யாரும் தள்ளிவிட முடியாது. அமர்நாத் யாத்திரையில் பதிவு செய்த பக்தர்களுக்கு ஆலய வாரியம் விபத்துக் காப்பீடு ஏற்பாடு செய்கிறது. அங்கே சேவை செய்யும் குதிரைக்காரர்களும் அந்த ஏற்பாட்டுக்குள் வருகிறார்கள். பனி மூடிய மலைப்பாதையில் முடிவதைக் கொடைக்கானல் ஏரிச் சாலையிலும் மெரினா மணலிலும் செய்ய முடியாதா? மத்திய சுற்றுலா அமைச்சகம் 2018இல் வெளியிட்ட சாகசச் சுற்றுலா வழிகாட்டுதல்களில் குதிரை சஃபாரிக்கும் இடம் உண்டு. ஆனால் வழிகாட்டுதலை மீறியதற்காக யாருடைய உரிமத்தையும் எளிதில் பறித்துவிட முடியாது. உரிம நிபந்தனையாக எழுதினால் முடியும்.

காப்பீடு வந்துவிட்டால் அலட்சியம் பெருகும் என்ற வாதத்திலும் சாரம் இல்லை. பணம் கொடுக்க வேண்டிய நிறுவனம் கேள்வி கேட்கத் தொடங்கும். தலைக்கவசம் இருந்ததா, வார் சோதிக்கப்பட்டதா, அங்கவடி அளவுக்குக் குறைக்கப்பட்டதா, ஒரு நாளில் அந்தக் குதிரை எத்தனை சவாரி போனது, கால்நடை மருத்துவர் கடைசியாக எப்போது பார்த்தார் என்று கேட்கும். இன்று இந்தக் கேள்விகளைக் கேட்க ஆள் இல்லை. கேட்கப்பட்டால் மனிதரோடு சேர்ந்து, காயத்தோடும் பசியோடும் ஓட்டப்படும் குதிரைகளுக்கும் கொஞ்சம் விடிவு பிறக்கும்.

தமிழக அரசு முதலில் செய்ய வேண்டியது, சுற்றுலாத் தலங்களில் உள்ள சவாரிக் குதிரைகளைக் கணக்கெடுத்து எண்ணிட்டுப் பதிவு செய்வது. சவாரி செய்பவர், குதிரைக்காரர், மூன்றாம் நபர் ஆகிய மூவரையும் உள்ளடக்கிய பாலிசியின் நகல் இல்லாமல் எந்தக் குதிரைக்கும் உரிமம் தரக்கூடாது. பந்தயத்துக்கு அனுமதி கேட்பவர்களிடமும் பயிற்சிப் பள்ளி நடத்துபவர்களிடமும் அதையே கேட்க வேண்டும். ஜாக்கிகளை வெளியே நிறுத்தும் விதிவிலக்குக்கு மாற்றாக, பந்தய மன்றங்களின் செலவில் தனிப் பாலிசி ஒன்றை உருவாக்கும்படி ஐஆர்டிஏஐ காப்பீட்டு நிறுவனங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும். மலைவாழிடங்களில் ஏப்ரலில் சீசன் களைகட்டிவிடும். அடுத்த ஏப்ரலுக்கு முன்பே ஊட்டி, கொடைக்கானல் நகராட்சிகள் இதைத் தொடங்கிவைக்கலாம்.