மொழியறியாப் பயணமும் வேலூர்ச் சாலையும்

மொழி தெரியாத நாட்டிற்குத் தனியே சென்று வந்தோர் எழுதும் குறிப்புகளில் ஒரு கருத்து தவறாமல் இடம்பெறும்: மொழி ஒரு தடையே அன்று, புன்னகை போதும். சென்ற ஆண்டு ஹனோயில் ஒரு கருத்தரங்கிற்குப் பின் நான்கு நாள் தனியாகச் சுற்றித் திரும்பிய நானும் அதையே எழுதினேன். இன்று அதைத் திரும்பப் பெற விரும்புகிறேன்.

வியட்நாமிய மொழியின் ஒலியனியலை முதுகலையில் படித்தவன் நான். ஹனோய் வழக்கில் ஆறு தொனிகள் உண்டு. 'ச்சய்' என்பதைச் சமதொனியில் சொன்னால் மரக்கறி உணவு. தொனி உயர்ந்தால் எரிதல். தாழ்ந்து முறிந்தால் ஓடுதல். இதைத் தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் பெற்றேன். ஆனால் தெருவோரக் கடையில் அச்சொல்லை நான் மும்முறை சொல்லியும் யாருக்கும் விளங்கவில்லை. கடைக்கார அம்மையார் பக்கத்துக் கடைப் பெண்ணை அழைத்துக் கேட்டார். இறுதியில் என்னை அடுப்பருகே அழைத்துச் சென்று, ஒவ்வொரு பாத்திரமாகத் திறந்து காட்டினார். நான் பசியாறினேன். அதற்குள் காத்திருந்த வாடிக்கையாளர் இருவர் எழுந்து போய்விட்டனர்.

என் பயணக் குறிப்பில் என் துணிவு இருந்தது. அவர் இழந்த வியாபாரம் இல்லை.

இதை எனக்கு உணர்த்தியது எங்கள் ஊர்ச் சாலை. குடிபாலா, சித்தூரிலிருந்து வேலூர் செல்லும் வழியில், ஆந்திர எல்லையை ஒட்டி உள்ளது. வீட்டில் தமிழும் பள்ளியில் தெலுங்குமாக வளர்ந்த எங்களுக்குப் பெரிய மருத்துவம் என்றால் வேலூர்தான். 1900இல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையுடன் தொடங்கிய சிகிச்சையகம் இன்று கிறித்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்து நிற்கிறது. மேற்கு வங்கத்திலிருந்து மட்டுமன்றி, நாட்டெல்லை கடந்து வங்கதேசத்திலிருந்தும் நோயாளிகள் அந்நகருக்கு வருகின்றனர். காட்பாடியில் இறங்கும் அவர்களும் மொழியறியாப் பயணிகளே. அவர்களுடைய துணிவைப் பாராட்டி எவரும் எழுதுவதில்லை.

சில மாதங்களுக்கு முன், தந்தைக்கு மருந்து வாங்க அங்கு ஒரு கடையில் நின்றிருந்தேன். வங்கதேசத்து முதியவர் ஒருவர் வயிற்றைத் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். சைகையால் இடத்தைச் சுட்டலாம். வலியின் தன்மையைச் சுட்ட இயலாது. குத்தல், குடைச்சல், எரிச்சல், பிடிப்பு எனத் தமிழில் நாம் பிரித்துச் சொல்வது ஒவ்வொன்றும் மருத்துவருக்கு ஒரு செய்தி. கடை உதவியாளரான இளைஞர் ஒரே சொல்லைக் கேட்டார்: "ஜாலா?" வங்காளியில் அது எரிச்சல். முதியவர் வேகமாகத் தலையசைத்தார். இளைஞர் மருந்து தரவில்லை. எந்த மருத்துவரிடம் என்ன சொல்ல வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். அந்த மொழியை அவர் எந்த வகுப்பிலும் கற்கவில்லை. கடையில் நின்று, வருவோர் போவோரிடமிருந்து கற்றிருந்தார்.

மொழி இடைவெளி புன்னகையால் மறைவதில்லை. யாரோ ஒருவர் தம் நேரத்தையும் உழைப்பையும் இட்டு அதை நிரப்புகிறார். பெரும்பாலும் அவர் குறைந்த ஊதியம் பெறுபவர். அவ்வுழைப்பு எக்கணக்கிலும் ஏறுவதில்லை. மேலும், சுற்றுலாப் பயணிக்குப் பிழைபட்ட புரிதல் ஒரு வேடிக்கைக் கதையாகிறது. நோயாளிக்கு அது தவறான மருந்தாகலாம். இவ்விரண்டையும் 'மொழி தடையன்று' என்ற ஒரே வாக்கியத்தில் அடக்குவது நேர்மையன்று.

அப்படியாயின் மொழி தெரியாமல் பயணமே கூடாதா என்று கேட்கலாம். நான் அதைச் சொல்லவில்லை. செல்லுங்கள், நூறு சொற்களையேனும் கற்றுச் செல்லுங்கள், திரும்பி வந்து எழுதும்போது உங்களைப் புரிந்துகொள்ள உழைத்தவரையும் எழுதுங்கள்.

மொழியியல் பயிலும் நமக்கு இன்னொரு கடமையும் உண்டு. மொழித்தொடர்பு குறித்து எத்தனையோ கோட்பாடுகளைப் படிக்கிறோம். வேலூரின் விடுதிப் பணியாளரும் ஆட்டோ ஓட்டுநரும் மருந்துக்கடை இளைஞரும் பேசும் வங்காளி ஆய்வுக்குரிய மொழியன்றோ? மருத்துவம் நாடி வருவோருக்கு மொழிபெயர்ப்பு எங்கும் தயவாக அன்றி, பயிற்சியும் ஊதியமும் உள்ள பணியாக அமைய வேண்டும் என்று வாதிட அத்தகைய ஆய்வே நமக்குச் சான்று தரும்.

ஹனோய்க் குறிப்பை இன்று திருத்தினேன். புன்னகையைப் பற்றிய வரியை நீக்கிவிட்டு, எழுந்து போன அந்த இரு வாடிக்கையாளரைச் சேர்த்திருக்கிறேன்.