எந்தப் படையில் சேர்வது? வன்னியில் இந்தக் கேள்விக்குக் கனம் கூட

படையில் சேர நினைப்பவர் இராணுவமா, கடற்படையா, விமானப்படையா என்று ஒப்பிட்டுப் பார்ப்பது எந்த நாட்டிலும் இயல்பு. சம்பளம், கல்வித் தகைமை, பழகக்கூடிய தொழில், ஓய்வூதியம் எல்லாம் கணக்கில் வரும். வவுனியாவில் வேலையில்லாத தமிழ் இளைஞர்கள் சிலரும் இதை என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அவர்களைத் துரோகி என்று திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அந்த வழமையான ஒப்பீடு மட்டும் எங்கள் பிரதேசத்துக்குப் போதாது.

வன்னியில் ஒவ்வொரு படைக்கும் ஒரு காணி முகவரி இருக்கிறது. விமானப்படை என்றால் கேப்பாப்பிலவின் பிலக்குடியிருப்பு. 2017 ஜனவரி 31ஆம் திகதி முகாம் வாசலில் குந்திய மக்களுக்கு மார்ச் 1ஆம் திகதிதான் காணி விடுவிக்கப்பட்டது. கடற்படை என்றால் வட்டுவாகல். அங்கே 600 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் முகாமுக்குள் கிடக்கிறது. அளக்க வந்தவர்களை மக்கள் பலமுறை மறித்துத் திருப்பி அனுப்பினார்கள். இராணுவத்தின் முகவரிகளை எழுதத் தொடங்கினால் இந்தக் கட்டுரை அதிலேயே முடிந்துவிடும். சேரப்போகும் பிள்ளையின் மாமியோ சித்தப்பாவோ அந்த வேலிக்கு வெளியே நிற்கக்கூடும்.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. இராணுவத்தின் முதல் இலங்கைத் தளபதி, 1955இல் பொறுப்பேற்ற அன்ரன் முத்துக்குமாரு, ஒரு தமிழர். 1960 முதல் 1970 வரை கடற்படைக்குத் தலைமை தாங்கிய ராஜன் கதிர்காமரும் தமிழர். 1956இன் தனிச் சிங்களச் சட்டமும், 1962இன் தோல்வியடைந்த சதிமுயற்சிக்குப் பிந்திய ஆட்சேர்ப்பும் அந்தக் கதவைச் சாத்தின. பிறகு வந்தது போர்.

போர் முடிந்தபின் கதவைத் திறந்த விதமும் பெரிதாக நம்பிக்கை தரவில்லை. 2012 நவம்பரில் கிளிநொச்சியில் 109 தமிழ்ப் பெண்களை இராணுவம் சேர்த்தது. அடுத்த மாதமே அவர்களில் ஒரு பகுதியினர் கிளிநொச்சி வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டார்கள். எழுதுவினைஞர் வேலை என்று நம்பிப் போனதாகச் சிலர் கூறியதாக அப்போது செய்திகள் வந்தன. துன்புறுத்தல் குற்றச்சாட்டுகளை இராணுவம் மறுத்தது.

உண்மையில் எங்கள் பக்கத்தில் பலருக்குத் திறந்தது நாலாவது கதவு: பாதுகாப்பு அமைச்சின் கீழுள்ள சிவில் பாதுகாப்புத் திணைக்களம். முன்னாள் போராளிகளுக்கும் விதவைகளுக்கும் அது பண்ணை வேலையும் முன்பள்ளி வேலையும் கொடுத்தது. மற்ற முன்பள்ளி ஆசிரியர்களின் கொடுப்பனவைவிட அங்கே சம்பளம் பல மடங்கு. 2018இல் கேணல் ரத்னப்பிரிய பந்து மாற்றலாகிப் போனபோது விசுவமடுவில் மக்கள் அழுததைப் பார்த்துப் பலர் கொதித்தார்கள். அந்தக் கண்ணீருக்குப் பின்னால் மாதச் சம்பளம் இருந்தது. அதைக் கொடுக்க வேறு யாரும் வரவில்லை என்பதைக் கொதித்தவர்கள் பேசவில்லை.

என் கணக்கில் பொலிஸ் தனி வகை. முறைப்பாட்டைத் தன் மொழியில் சொல்ல முடியாமல் நிற்கும் தாய்க்கு, தமிழில் எழுதிக்கொள்ளும் ஒரு உத்தியோகத்தர் தேவை. முப்படையில் சேரும் தமிழருக்கு அப்படியொரு பயன்பாட்டை என்னால் காட்ட முடியவில்லை.

ஓய்வூதியத்தைச் சொல்லிக் கேட்பவர்களுக்கு இன்னொன்று. சாதாரண சிப்பாய்க்கு அது கிடைக்க 22 ஆண்டு சேவை வேண்டும். 2 இலட்சமாக இருந்த இராணுவத்தின் அனுமதிக்கப்பட்ட ஆளணியை 2030இல் 1 இலட்சமாகக் குறைக்கப்போவதாக அரசாங்கம் 2023 ஜனவரியில் அறிவித்தது. ஆட்குறைப்பு வந்தால் யாரை முதலில் வீட்டுக்கு அனுப்புவார்கள், பயிற்சி எந்த மொழியில், நியமனம் எந்த மாவட்டத்தில் என்பவற்றைக் கையெழுத்து வைக்க முன்னரே எழுத்தில் கேட்டு வாங்குங்கள், தம்பிமாரே.