கூத்துக்களமும் வெண்திரையும்

தமிழில் பேசும் படம் பிறந்த வேளையில், தென்னாட்டில் ஒலியையும் ஒளியையும் ஒருங்கே பதியத்தக்க ஸ்டூடியோ இல்லாதிருந்தமையால், நம் கதைகள் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் ரயிலேறிச் சென்றே உருப்பெற வேண்டியிருந்தது. 1933-இல் ‘வள்ளி திருமணம்’ அவ்வாறு கல்கத்தாவில் எடுக்கப்பெற்றது. வங்காளிகளும் தங்கள் கிராமங்களில் பரம்பரையாகப் பாடப்பட்டுவந்த, நாகதேவதையான மானஸா தேவியின் கதையை 1934-இல் ‘சாந்த் சதாகர்’ என்ற படமாக்கி, அரவு தீண்டிய கணவனின் உடலோடு தெப்பமேறிய பெகுலாவை வெண்திரையில் தரிசித்தனர். அதே ஆண்டில் சேலத்து டி.ஆர். சுந்தரம் ஏஞ்சல் பிலிம்ஸாருடன் சேர்ந்து ‘திரௌபதி வஸ்திராபஹரணம்’ தந்தார். மறு ஆண்டில் ‘நல்லதங்காள்’ வந்தது. மாடர்ன் தியேட்டர்ஸும் எழுந்தது.

நம் தர்மபுரி அன்று சேலம் ஜில்லாவின் ஓர் அங்கம். 1965-இல்தான் தனி மாவட்டமாயிற்று. எனவே, சேலத்து முதலாளிகள் திரைக்குத் தேர்ந்தெடுத்தவை நம் ஊர்க் கோயில் திடல்களில் விடிய விடியக் கூத்தாக ஆடப்பட்ட கதைகளே என்பதை நாம் உரிமையோடு நினைவுகூரலாம். அவர்கள் புதிய கதை தேடி அலையாததற்குக் காரணம் தெளிவானது: கதையை முன்பே அறிந்த ஜனங்கள், புரியாத யந்திரத்தின் முன்னும் அச்சமின்றி அமர்வார்கள்.

ஆயினும், திரைக்கு வந்து சேராத ஒன்று உண்டு. திரௌபதி அம்மன் திருவிழாவில் பதினெட்டுப் போரையும் பாரதப் பிரசங்கமாகக் கேட்டு, அர்ச்சுனன் தபசுக் கம்பத்தை அண்ணாந்து பார்த்து, மண்ணால் சமைத்த துரியோதனன் படுகளத்தில் வீழ்ந்த பின்னரே திரௌபதி கூந்தல் முடிவதைக் கண்டு வீடு திரும்புகிற ஊருக்கு, கதை ஒரு விரதம். துகிலுரிதல் கட்டத்தில் கற்பூரம் ஏற்றப்படுகிறது. துச்சாதனன் வேடம் புனைந்தவர், சேலையைத் தொடுமுன், தாம் செய்யப்போவதைப் பொறுத்தருளுமாறு அம்மனை இறைஞ்சுகிறார். ஒரு கொடுமையை நடித்துக் காட்டுவதற்கும் அனுமதி வேண்டும் என்ற இந்தத் தர்ம உணர்ச்சி, எந்தப் படச்சுருளிலும் பதியக்கூடியதன்று. ஏனெனில், அங்கே வேண்டுபவரும் வேண்டுதலைக் கேட்கும் ஊரும் எதிரெதிரே நிற்க வேண்டும்.

இதனால் சினிமாவை நாம் நிந்திக்கவில்லை. கூத்து எட்டாத நகரங்களுக்கும் கடல் கடந்த நாடுகளுக்கும் நம் கதைகளைச் சுமந்து சென்றது அதுவே. நம் கவலை வேறு: திரையில் கண்டதே கதையின் முழுவடிவம் என்று ஒரு தலைமுறை நம்பிவிடுமாயின், கூத்து வாத்தியார்களின் நினைவில் மட்டுமே வாழ்கிற பாட்டும், வசனமும், ஊருக்கு ஊர் மாறுகிற முடிவும் கேட்பாரற்றுப் போகும்.

ஆகவே, கைப்பேசியிலேயே படமெடுக்கும் ஆற்றல் வாய்த்த நம் இளைஞர்களுக்கு ஒரு விண்ணப்பம். கதையைத் தழுவிப் படமெடுக்க முனையுமுன், கூத்தைக் கட்டியங்காரனின் வரவு முதல் மங்களம் வரை ஓரிரவு முழுவதும் உட்கார்ந்து கேளுங்கள். வாத்தியாரின் இசைவு பெற்று, வெட்டாமல் பதிவு செய்யுங்கள். அவருக்கு உரிய சன்மானத்தையும் அளியுங்கள். எழுத்துவடிவில் வரும் பிரதிகளுக்கு இவ்விதழின் பக்கங்கள் என்றும் திறந்திருக்கும்.