உரைக்கு முன் ஏடு

2018 ஜூலையில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் தேவ் குமார் தாபா, அன்ஷு பாண்டே இருவரும் ஓர் அறிக்கையை வெளியிட்டனர். தங்கத்துக்குள் வெள்ளி நுண்துகள்களைப் பொதித்த ஒரு பொருள், சாதாரண அழுத்தத்திலேயே, 236 கெல்வினில் மின்தடையற்ற மீக்கடத்தியாகிறது என்பது அவர்களின் கூற்று. அதாவது சுழியத்துக்குக் கீழே 37 பாகை செல்சியஸ். அதற்குமுன் சாதாரண அழுத்தத்தில் எந்தப் பொருளும் இந்த வெப்பநிலையை நெருங்கியதில்லை.

ஆகஸ்டில் இரண்டு எதிர்வினைகள் வந்தன. சென்னை கணித அறிவியல் நிறுவனத்தோடு தொடர்புடைய கணபதி பாஸ்கரன், வெள்ளி, தங்கம் போன்ற உலோகங்களுக்குள் மீக்கடத்தல் ஒளிந்து கிடக்கிறது, தகுந்த சூழலில் அது வெளிப்படலாம் என்று ஒரு கோட்பாட்டை எழுதினார். 1987இல் ஆண்டர்சனோடு இணைந்து உயர்வெப்ப மீக்கடத்தலுக்கு அடிப்படையான கருத்துகளைத் தந்தவர் அவர், அலட்சியப்படுத்தக் கூடியவரல்லர். எம்.ஐ.டி.யிலிருந்த பிரையன் ஸ்கின்னரோ வரைபடத்தை உற்றுப் பார்த்தார். வெவ்வேறு காந்தப்புலங்களில் அளந்த இரு வரிகளில், அளவீட்டு இரைச்சல் அச்சு அசலாக ஒன்றுபோல் இருந்தது. இரைச்சல் தற்செயலானது, இருமுறை அப்படியே வர இயலாது. 2019இல் திருத்திய வடிவம் வந்தும் அக்கூற்று பொது ஏற்பைப் பெறவில்லை.

நம் மரபு அறிந்த நிலைமைதான் இது. வல்ல உரையாசிரியர் ஏடெழுதியவரின் பிழைக்கும் நயமான பொருள் சொல்லிவிடுவார். அதனால் பிழை பாடமாகிவிடாது. உ.வே.சா. முதலில் சுவடிகளை ஒப்பிட்டார்.

2023இல் கொரியாவின் எல்கே-99 வந்தபோதும் இதே கதை. கணினிக் கணக்கீடு ஒன்று, அதன் மின்னணு அமைப்பில் மீக்கடத்திகளோடு தொடர்புடைய தட்டையான பட்டைகளைக் காட்டியது. அது ஒரு சாத்தியக்கூறு மட்டுமே; உலகமோ அதை நிரூபணமாகக் கொண்டாடியது. பின்னர் ஜெர்மனியில் வளர்த்த தூய படிகம் மின்கடத்தாப் பொருளாக நின்றது. மின்தடை சரிந்ததாகத் தோன்றியதற்குக் கலப்படமான தாமிர சல்பைடு காரணமென்று தெரிந்தது.

ஆகவே கோட்பாடு வீண் என்பதல்ல என் கட்சி. 2014இல் சீன ஆய்வாளர்கள், கடும் அழுத்தத்தில் ஹைட்ரஜன் சல்பைடு சார்ந்த சேர்மம் ஏறத்தாழ 200 கெல்வினில் மீக்கடத்தியாகும் என்று கணக்கிட்டனர். 2015இல் எரெமெட்ஸ் குழு 203 கெல்வினில் அதைக் கண்டது. எண்ணை முன்கூட்டியே சொல்லி, பொய்க்கும் அபாயத்தை ஏற்ற கோட்பாடு அது. செய்தி வந்தபின் அதற்கு ஏற்றாற்போல் விளக்கம் தருவது சோதனையாகாது.

கம்பியில் வெப்பமாக வீணாகும் மின்சாரம் மிஞ்சினால் அன்னூர் விசைத்தறி வரை அதன் பயன் வந்து சேரும். ஆசை அத்தனை பெரியது. அதனாலேயே ஐயமும் அத்தனை கடுமையாக இருக்க வேண்டும். அடுத்த அறிவிப்பு வரும்போது, எந்த மேதை விளக்கினார் என்பதற்கு முன், வேறொரு கூடத்தில் வேறொருவர் அளந்தாரா என்று கேட்போம்.