ஒரு வரிக்காக ஒரு பயணம்

சிறுநீரகம் கெட்டால் பெரும்பாலும் வலி தெரிவதில்லை. அதுதான் அந்த வியாதியின் வஞ்சகம். முகம் அதைத்து, கால் வீங்கி, சோற்றைக் கண்டால் குமட்டுகிற நிலை வந்த பிறகே பலர் பெரிய ஆஸ்பத்திரியைத் தேடுகிறார்கள். அதன்பின் வாரம் இரண்டு மூன்று முறை டயாலிசிஸ் இயந்திரத்தின் அருகே படுப்பதுதான் கதி.

எச்சரிக்கையோ முன்பே கிடைக்கக்கூடியது. ரத்தத்தில் கிரியேட்டினின், சிறுநீரில் புரதம், இரண்டே பரிசோதனைகள். கிராமத்துச் சர்க்கரை நோயாளி ஒருவரின் சீட்டில் கிரியேட்டினின் 1.8 என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் என்ன செய்வார்? சர்க்கரை மாத்திரையைக் குறைப்பதா? மூட்டு வலிக்கு விழுங்கும் மாத்திரையை நிறுத்தினால் போதுமா? நிபுணரோ தொலைவில், நகரத்தில். "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்" என்று எழுதிக் கொடுக்கிறார். நோயாளியின் ஒரு நாள் கூலி போயிற்று. துணைக்கு வந்த மகனின் கூலியும் போயிற்று. பஸ் சார்ஜ் தனி. வரிசையில் நின்று பெறுவது பல சமயம், "வலி மாத்திரை வேண்டாம், மூன்று மாதம் கழித்து மறுபடி பாருங்கள்" என்ற ஒரே வரி. அடுத்த தடவை அவர் போகாவிட்டால் குற்றம் சொல்வானேன்?

ஒரு வரிக்காக ஆள் போகத்தான் வேண்டுமா? கனடாவில் ஒட்டாவா நகரில் 2010-ல் கிளேர் லிடி, எரின் கீலி என்ற இரு பெண் டாக்டர்கள் இதற்கு வழி கண்டார்கள். குடும்ப டாக்டர் தம் சந்தேகத்தைப் பரிசோதனை முடிவுகளோடு கம்ப்யூட்டர் வழியே எழுதி அனுப்புகிறார். நிபுணர் ஏழு நாளுக்குள் பதில் எழுத வேண்டும். பெரும்பாலும் அதற்கு முன்பே வந்துவிடுகிறது. பலருக்குப் பயணமே மிச்சம். பதில் எழுதச் செலவிட்ட நேரத்துக்கு நிபுணருக்கு ஊதியமும் உண்டு. தருமத்துக்கு உழைக்கச் சொன்னால் எந்த ஏற்பாடும் எத்தனை நாள் ஓடும்?

இந்தியாவிலும் 2019-ல் இ-சஞ்சீவனி தொடங்கி, ஊர் நிலையத்திலிருந்து நகர டாக்டரோடு திரையில் பேச வழி பிறந்தது. நல்லதே. ஆனால் திரையில் பேச இருவருக்கும் ஒரே நேரத்தில் ஒழிவு வேண்டும். எழுதிக் கேட்டாலோ, காலையில் வந்த கேள்விக்கு, கூட்டம் கலைந்த பிறகு பதில் எழுதலாம்.

சிறுநீரகம் வேகமாகச் சீர்கெடுகிறவர்கள் நேரில் போகத்தான் வேண்டும்; எழுத்து அதற்கு ஈடாகாது. அவர்களுக்கு வரிசையில் இடம் கிடைக்கவேனும், மற்றவர்களை அலைக்கழிக்காமல் இருக்கலாம். நிபுணரின் வேலை நேரத்தில் தினம் அரை மணியை இதற்கென்று ஒதுக்கி, ஏழு நாள் கெடுவையும் சர்க்கார் உத்தரவிலேயே எழுதிவிட வேண்டும்.